ஒருசந்தி

திருச்சி,
20-3-1958

அன்புள்ள அத்தானுக்கு,

தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறேன். என் பக்தியை மாதா கோயிலில் எல்லோரிடமும் சொல்லி அத்தை பூரித்துப்போகிறார். சாமியார் மட்டும், "பால் கொடுக்கிற தாய்க்கு ஒருசந்தி கிடையாதும்மா, சாப்பிடு" என்றார். நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து உங்களை வழியனுப்ப ஜங்ஷன் வந்தபோது, உங்கள் ஆபீஸ் நண்பர் என்னைக் காட்டி, "உங்க அக்காவா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போன வாரம் பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு இனிப் புட்டிப்பால்தான். பிரசவத்தில் ஏறிய உடம்பு மட்டும் இறங்கவில்லை. கல்யாண ரவிக்கை இன்னும் தோளைத் தாண்டவில்லை.

ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது அத்தை குழந்தையோடு ஸ்டேஷனுக்கு வருவார். நான் வரவில்லை. யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி