மொட்டையும் மாத்திரையும்

செவ்வாய்க்கிழமை, நகரி

நுரையீரல் கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்ததும், திருமலையில் என் வீட்டுக்காரருக்கு மொட்டை போட்டு வேண்டுதலை முடித்தோம். அதோடு நோயும் முடிந்தது என்று நினைத்து, இரண்டு நாளாக நான்தான் மாத்திரை கொடுக்கவில்லை.

இன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. கட்டிக்குள் ஸ்டெம் செல் போன்ற சில செல்கள் மருந்துக்குத் தப்பிப் பதுங்கியிருக்கலாமாம். அவற்றிலிருந்து கட்டி திரும்பவும் வளருமாம். மாத்திரையை நிறுத்தவே கூடாதாம்.

என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "இந்த மாதிரிதானா மேடம்? முடி பூடுச்சி, வேரு உள்ள கீது" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "அதேதாங்க. நான் இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சதை நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

ஏழாவதோடு பள்ளியை விட்ட மனிதர். என் மேல் ஒரு சொல் கோபமில்லை. பஸ்ஸில், "நீயும் எத்தினி நாளுதான் பயந்துக்கினே இருப்ப" என்று மட்டும் சொன்னார்.

மாத்திரையை விழுங்கிவிட்டு இப்போது தூங்குகிறார். தலையைத் தடவிப் பார்த்தேன். அதற்குள் உள்ளங்கையில் குத்துகிறது.