தெஸ்பினாவின் பாட்டுக்கு நான் வைத்த டோ

நவ. 11, செவ்வாய்

இன்று சொல்லாதவை இரண்டு.

தெஸ்பினாவிடம்: அவருடைய பாட்டை முழுக்க டோ ரே மி எழுத்துகளில், சோல்ஃபாவுக்கு மாற்றி எழுதிவிட்டேன் என்பது. வீடியோவில் பேசும்போது, எல்லோருக்கும் தாள் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். பொய்யில்லை. எந்தத் தாள் என்று அவர் கேட்கவில்லை.

பாடகர் குழுவிடம்: சனிக்கிழமை ஒத்திகையில் பிடிக்கவில்லை என்றால் பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்பது. அவரே முன்கூட்டி எழுதியிருக்கிறார். மனம் நோகாதே, இது என் பழக்கம், இதற்கு முன்பும் இரண்டு குழுக்களிடம் கொடுத்துவிட்டு ஒத்திகையிலேயே திரும்ப வாங்கியிருக்கிறேன் என்று.

காலையிலிருந்து நூல்மழை. பள்ளிக்கூட வகுப்பில் மதியமே விளக்கு போட வேண்டியதாயிற்று. ஷூ இன்னும் காயவில்லை.

ஞாயிறு ஆராதனையில் வாசிக்க அவரைப் பற்றி அரைப் பக்கம் வேண்டும் என்று போதகர் கேட்டிருக்கிறார். முழு வாழ்க்கை, அரைப் பக்கம். குறிப்பு:

— கிரீஸில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அப்பா தபால் படகில் வேலை.
— பத்தொன்பது வயதில் உதவித்தொகை வாங்கி வெளிநாடு. பிறகு தீவுக்கு விருந்தாளியாக மட்டும்.
— சிம்ஃபொனி இரண்டு. ஆப்பரா ஒன்று. முதல் நாள் இடைவேளையில் பாதி அரங்கம் எழுந்து போனது. பல வருடம் கழித்து அதே ஊரில் அதே ஆப்பராவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. (அந்த இரண்டாவது இரவைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம்!)
— முப்பது வருடத்துக்கு மேல் இசைப் பேராசிரியர். துறைத் தலைவரான முதல் பெண். மாணவர்கள் உலகம் முழுக்க.
— ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் இலவச வகுப்பு. வரிசையே இல்லாத அந்த வகுப்பிலும் கடைசி வரிசை நான்தான்.
— நான்கு குரல்களுக்கு ஒரே ஒரு பாட்டு. இருபதுகளில் எழுதியது. வார்த்தை கிடையாது, ‘ஆ’ மட்டும். அந்த வயதில் எந்த மொழியில் எழுதுவது என்றே தெரியவில்லையாம். இன்றுவரை எந்த மேடையிலும் ஏறவில்லை.

சாதாரணக் குரல்களுக்கு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஒரு வருடத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி. மறுநாள் இந்தப் பாட்டை அனுப்பிவிட்டார். கொச்சியில் ஒரு கருத்தரங்குக்கு வருகிறாராம். அப்படியே இங்கேயும் வருகிறேன் என்றார். வண்டிப்பெரியாருக்கு!

நவ. 12, புதன்

எங்கள் சபைக் கோயிலில் ஒத்திகை. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்தவர்கள் பாதிப் பேர். ஈரச் சாக்கு வாசனை.

எதற்காக மாற்றி எழுதினேன் என்று இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். எங்கள் குழு ஐந்து கோட்டு நோட்டு படிக்காது. டோ ரே மி எழுத்துகளும் நடுவில் புள்ளிகளுமாக இருக்கும் சோல்ஃபாதான். அதைக் கொடுத்தால் புதுப் பாட்டானாலும் ஒரு மாலையில் பாடிவிடுவார்கள். ஆனால் சோல்ஃபாவில் முதல் வேலை, தாளின் தலையில் எந்த ஸ்வரம் டோ என்று எழுதுவது. எல்லாம் அதிலிருந்துதான் எண்ணி வரும்.

தெஸ்பினாவின் பாட்டில் டோ இல்லை. தெரியாமல் விட்டதல்ல. “என் இசை எந்த ஸ்வரத்திலும் போய்ச் சேராது” என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் வாங்கியதே அதில்தான். அவரைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாம் அந்த வரியில்தான் தொடங்குகின்றன.

நான் தாளின் தலையில் எழுதினேன்: டோ, ஜி. அதாவது, ஜி என்ற ஸ்வரம்தான் டோ.

ஞானராஜ் மாமாவுக்குத்தான் பெரிய குறை. அவர் குழுத் தலைவர். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். குரல் பேஸ், நான்கு குரல்களில் ஆகக் கீழே. இந்தப் பாட்டில் பேஸுக்கு ஏறக்குறைய ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ஸ்வரம், இழுத்துப் பிடிக்க வேண்டும்.

“ஏட்டி ஜெனி, பாட்டு முழுக்க எங்களுக்கு ஒத்த டோதானா? பேஸ்காரன் அந்தம்மாவுக்கு என்ன பாவம் பண்ணுனான்?”

“ஃபேக்டரி சங்குன்னு நினைச்சு ஊதுங்க மாமா. உங்களுக்குப் பழக்கந்தானே” என்றான் ரூபன். ஜீப் ஓட்டுபவன், ஆண்களின் மேல்குரலான டெனர்.

செல்வி அக்காவுக்கு வேறு கவலை. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசைக்கே அவர்தான் தூண். “வார்த்தையே இல்லாத பாட்டுக்கு ஆமென் எங்கட்டி போடுதது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. போதகரும் அதையேதான் கேட்டார். ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகு பாடுவதாக முடிவாயிற்று.

எட்டு மணிக்குள் இரண்டு பக்கம் வந்துவிட்டது. சுத்தமாக.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. பனிமூடல் மட்டும். எதிரே தொழிலாளர் லயத்து வீடுகள் தெரியவில்லை.

ஏன் ஜி? நாளை வந்ததும் அவர் கேட்டால் சொல்லப் பதில் வேண்டும். சித்தூர் கல்லூரியில் இலக்கியம் படித்த மூன்று வருடமும் எங்கள் வகுப்புக்குப் பக்கத்து அறை சங்கீதத்துக்கு. சுவருக்கு அப்பால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். நான் நாவல் படித்தேன், தேர்வு எழுதினேன், ஒருமுறை தலையைக் கவிழ்த்து அழவும் செய்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் அது நிற்காமல் ஓடியது. தெஸ்பினாவின் பாட்டில் மேல் குரல் மூன்றும் எங்கெங்கோ அலைகின்றன. வரிக்கு வரி ஊர் மாறுகின்றன. அடியில் அந்த ஜி நகரவே இல்லை. அது ஆதார ஸ்வரம் இல்லை என்றால் வேறு என்ன?

ஆனால் அவர் பேராசிரியர். பாட்டும் அவருடையது. நான் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக ஆங்கிலம் எடுப்பவள்.

அம்மா ஃபோனில் பெரியம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது: “வெளிநாட்டு புரொஃபசராம். நம்ம வீட்லதான் தங்குதாவ. இவ என்னடான்னா பேய் பிடிச்ச மாதிரி சுத்துதா.”

போதகர் அரைப் பக்கத்தைக் கால் பக்கம் ஆக்கிவிட்டார். ஆப்பரா போயிற்று. போராடி அந்த இரண்டாவது இரவை மட்டும் திரும்பச் சேர்த்தேன்.

வாங்க: மீன், மரச்சீனிக் கிழங்கு, புது பல்ப் (குளியலறை), நல்ல துண்டு.

நவ. 14, வெள்ளி

வந்துவிட்டார்.

நான் நினைத்ததைவிடக் குள்ளம். கான்வாஸ் ஷூ, வெள்ளை முடி குட்டையாக. மலை வளைவுகளில் மூன்று முறை வாந்தி எடுத்தாராம். டிரைவர் பயந்து ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் இறங்கியதும் சொன்ன முதல் வாக்கியம், அற்புதமான சாலை என்பது.

சாயங்காலம் தேயிலைக்கு நடுவே நடந்தோம். தன் வேலையைப் பற்றி ஒளிவில்லாமல் பேசுகிறார். தனக்கு வராதவை எவை என்று பட்டியலே வைத்திருக்கிறார். வந்தவற்றில் அடக்கமும் இல்லை. இரண்டாவது சிம்ஃபொனி நல்லது என்றார், வெயில் அடிக்கிறது என்பதுபோல. எனக்கு அது பிடித்தது. நான் எதையாவது நன்றாகச் செய்தால் இருமிக்கொண்டு பேச்சை மாற்றுகிறேன்.

இரவு மரச்சீனியும் மீன் குழம்பும் கையாலேயே சாப்பிட்டார். “சிந்தாமச் சாப்பிடுதாவளே” என்று அம்மா என்னிடம் மெதுவாக. அவ்வளவுதான், அவர் கட்சிக்கு மாறிவிட்டாள்.

டோவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நான்கு முறை வாய் திறந்தேன். நான்கு முறையும் டீ வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

நவ. 15, சனி

எல்லாம் எழுத வேண்டும், வரிசையாக.

ஒத்திகை பத்து மணிக்கு. உள்ளே வந்ததும் தெஸ்பினா, செல்வி அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாங்கினார். திருப்பினார். இது என்ன என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். சோல்ஃபா தெரிந்தவர்தான், ஆனால் படித்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். விரல் தாளின் தலைக்குப் போய் நின்றது.

“ஜி என்று யார் சொன்னது?”

“அடிக்குரல் முழுக்க அதையே பிடித்திருக்கிறது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பேஸுக்கு வேறு வேலை இல்லையே என்று கொடுத்த ஸ்வரம் அது, அவ்வளவுதான் என்றார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. தாள்களைக் கீழே வைக்கச் சொன்னார். டோ கிடையாது, நான் பாடுவதைக் கேட்டு வரி வரியாகப் பாடுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். எல்லோரும் பணிவாகத் தாளை வைத்தார்கள்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. பேஸை நிறுத்திவைத்து மேல் குரல்களை மட்டும் சேர்த்தபோது சிக்கியது. சோப்ரானோ ஒரு பக்கம், டெனர் ஒரு பக்கம். மறுபடி. மறுபடி. ரூபன் காதைப் பொத்திக்கொண்டு பாடினான். கடைசியில் செல்வி அக்கா பாடாமல் நின்றுவிட்டார்.

தெஸ்பினா கண்ணாடியைக் கழற்றினார். நன்றி சொன்னார். இவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாட்டுதான் பாட முடியாதது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல் என்றார்.

ஞானராஜ் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா சொல்லுதாவ?”

பாட்டைத் திரும்பக் கேட்கிறார் என்றேன். முன்னாடியே தெரியும் என்பதையும் சொன்னேன். எதையும் மறைக்க இனிமேல் தெம்பில்லை.

பிறகு மாமா தாளைக் கீழேயிருந்து எடுத்தார்.

“குடுத்துருவோம். அவங்க பாட்டு, அவங்க கேக்காவ. ஆனா தினமும் வேலைய முடிச்சுட்டு வந்து படிச்சிருக்கோம். ஒரு தடவ எங்க வழியில பாடிட்டுக் குடுக்கோம். உக்காந்து கேக்கச் சொல்லு.”

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மெருகு போடவில்லை. தெஸ்பினா முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆர்மோனியத்தில் ஜி கொடுத்தேன். கை தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. பேஸ் எழுந்தது. அதன்மேல் ஆல்டோ காலூன்றியது. பிறகு சோப்ரானோவும் டெனரும் தைரியமாக அலைந்தார்கள், திரும்பி வர இடம் தெரிந்தவர்கள் மாதிரி. எங்கும் நிற்கவில்லை. எங்கும் விழவில்லை. காகிதத்தில் மட்டும் இத்தனை வருடம் கிடந்த பாட்டு, எங்கள் தகரக் கூரைக்கு அடியில். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முடிந்தது. தெஸ்பினா எழவில்லை. உட்கார்ந்தபடியே பேஸ் வரிசையைப் பார்த்து ஒரு கேள்வி: மூச்சு உடையாமல் எப்படி இவ்வளவு நேரம்?

“ஆள் மாத்தி ஆள் மூச்சு விடுதோம். ஒருத்தன் வாங்கும்போது பக்கத்துல உள்ளவன் பிடிச்சுக்கிடுவான்” என்றார் மாமா.

எங்கள் தீவுக் கோயிலில் பாடத் தெரியாதவர்களுக்கு இந்த வேலையைத்தான் கொடுப்பார்கள் என்றார் தெஸ்பினா. ஒரே ஸ்வரம், ஆராதனை முடியும்வரை. என் அப்பாவுக்கும் அங்கே அதுதான் வேலை.

மொழிபெயர்த்தேன். மாமா முகம் மாறியது. “அப்ப எங்களுக்குப் பாடத் தெரியாதுன்னு சுத்தி வளைச்சுச் சொல்லுதாவ.”

அதையும் மொழிபெயர்த்தேன். வந்ததிலிருந்து முதல் முறையாக தெஸ்பினா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார். தாள்களையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், ஆற்றுப் பாலத்தில் தெஸ்பினா: “நீ நினைப்பது தவறு. அது டோ இல்லை என்று வாழ்நாள் முழுக்க நிரூபித்திருக்கிறேன்.”

இந்த முறை டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. “நீங்கள் நிரூபித்துக்கொண்டிருந்தபோதும் அது கீழே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது” என்றேன்.

பாலம் முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழுக்கல் காரணமாகவும் இருக்கலாம்.

நவ. 16, ஞாயிறு

வெயில். நிஜ வெயில்.

கால் பக்கத்தை நானே வாசித்தேன். குரல் நன்றாகவே வந்தது. இரண்டாவது இரவில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற இடத்தில் சபை சிரித்தது. தெஸ்பினா தமிழ் புரிந்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆசீர்வாதம் முடிந்தது. யாரும் கிளம்பவில்லை. நடத்துபவர் இடத்தை அவருக்காகக் காலியாக விட்டிருந்தோம். எழுந்து வந்தார். அங்கே நிற்கவில்லை. என் தோளைப் பிடித்து அந்த இடத்தில் என்னை நிறுத்தினார். நேரே பேஸ் வரிசைக்குப் போனார். மாமா நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜி கொடுத்தேன். பாடினோம். தெஸ்பினா கடைசிவரை அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருந்தார், ஆண்களுக்கு ஒரு ஸ்தாயி மேலே, கண்ணை மூடி. அவர் மூச்சு வாங்கியபோது மாமா பிடித்தார். மாமா வாங்கியபோது அவர். பின் வரிசையில் குழந்தைகள்கூட அசையவில்லை.

சபை மறுபடி பாடச் சொன்னது. மறுபடி பாடினோம். இரண்டாவது இன்னும் நன்றாக வந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

கோழிக்கறிச் சாப்பாடு. நான்கு மணிக்கு டாக்சி வந்தது. தெஸ்பினா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கொச்சிக்குப் போனார். தாள்கள் எல்லாம் கோயில் அலமாரியில் இருக்கின்றன.