குவிமாடத்தின் கீழ்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ நலமென்றே கொள்கிறேன், நான் நலமாயில்லை. இருநூறாண்டுப் பழமை வாய்ந்த இவ்வாசகசாலையை உரசுவதுபோல் நீ வேலை பார்க்கும் நிலையத்தின் விமானங்கள் இறங்குகின்றன. சன்னல் கண்ணாடிகள் அலறுகின்றன. குவிமாடம் சுண்ணாம்பை உதிர்க்கிறது. “மேல யாரோ மாவு சலிக்கிறாங்கம்மா” என்று சிரித்தார், இங்கே புத்தகம் தைக்கும் பைண்டர். சென்ற வாரம் செங்கல் விழுந்து அவர் தோளைப் பிளந்தது. தையலோடு வேலைக்கு வந்துவிட்டார். அதிர்வை அளந்து சென்றாயே, முடிவு என்ன?

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

கோச்சுக்காதே. எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு. “குவிமாடம் ஆள் பாரம் தாங்காது, ஏறினா காலை ஒடிப்பேன்”னு ஏணியைப் பிடுங்கினது நீதானே? கருவியைத் தரையில வெச்சேன், தரை ஆடல. மேலயும் அளந்ததா அறிக்கையில போட்டுட்டேன், இல்லன்னா மேலதிகாரி என்னைத் தின்னுடுவார். பைண்டரை வேற இடத்துல உக்காரச் சொல்லு.

தம்பி

மார்ச் 10

தம்பி,

உன் அறிக்கையைக் காட்டியே நிர்வாகம் மண்டபத்தைப் பூட்ட மறுக்கிறது. பொய்யைத் திரும்பப் பெறு. வந்து ஏறு, ஏணியை நானே பிடிக்கிறேன். வராவிடில் சட்டையைப் பிடித்து இழுத்து வருவேன். பேச்சுக்குச் சொல்லவில்லை.

அக்கா

மார்ச் 22

அக்கா,

சவக்கிடங்கு வாசல்ல எல்லார் முன்னாடியும் செருப்பால அடிச்சே. உதடு கிழிஞ்சுது. வாங்கிக்கிட்டேன். ஆனா யோசி. குவிமாடம் இடிஞ்சு பைண்டர் செத்தப்போ வானத்துல ஒரு விமானமும் இல்ல. “அவர் ஏணியைச் சுவர்ல மோதினதாலதான் இடிஞ்சுது”ன்னு விசாரணையில ஒரே வார்த்தை சொல்லு. செத்தவருக்கு இனி என்ன வந்துடப் போகுது? என் வேலையும் உன் மானமும் மிஞ்சும். கையெடுத்துக் கும்பிடறேன்.

தம்பி

மார்ச் 23

அளவீட்டுப் பொறியாளர் அவர்களுக்கு,

வானம் வெறுமையாக இருந்தது உண்மை. மாதக்கணக்கில் உலுக்கப்பட்ட செங்கல், விழுவதற்கு விமானத்தின் அனுமதியைக் கேட்பதில்லை.

இடிபாட்டைக் கையால் தோண்டியவள் நான். இரண்டு நகங்கள் பிய்ந்தன. அவருடைய முகம் முகமாகக் கிடைக்கவில்லை; விரல்கள் கிடைத்தன, ஊசியைப் பிடித்தபடி. அவ்விரல்கள்மீது பழி சுமத்தச் சொல்கிறீர்கள்.

நாளை விசாரணையில் உள்ளதைச் சொல்வேன். ஏறவிடாமல் தடுத்தவள் நான். ஏறாமலே ஏறியதாக எழுதியவர் தாங்கள். எனக்கு விலங்கிட்டாலும் கை நீட்டுவேன்.

பைண்டருடைய மனைவி முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அவரைப் பார்த்தே சொல்வேன். அப்போது தாங்கள் எங்கே பார்ப்பீர்களோ, அறியேன்.

இங்ஙனம்,
வாசகசாலைப் பொறுப்பாளர்