ஸ்ட்ரெச்சர் திரும்புற சந்து

இன்னைக்குக் காலையில பதினோரு மணி வாக்குல நியூஸ் வந்துச்சு. மாடி வீட்டு மாஷிமா போன்ல அழுதுகிட்டே சிரிக்கிறாங்க. அவங்க மருமகளுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. விடிஞ்சதும் வலி வந்திருக்கு. ஆம்புலன்ஸ் யாரையும் வழி கேக்காம நேரா பின் கேட்டுக்கு வந்து ஏத்திட்டுப் போயிடுச்சாம். நான் கீழ தூங்கிட்டிருந்திருக்கேன்.

"எல்லாம் உன் பொண்டாட்டி மேப்பாலதான் தம்பி"ன்னாங்க.

ஜன்னலுக்கு வெளிய பச்சை மூங்கில் வாசனை. துர்கா பூஜைப் பந்தலுக்கு லாரியில கொண்டுவந்து இறக்கியிருக்காங்க. போன வருஷம் நீ போன அன்னைக்கும் இதே வாசனைதான்.

அதுக்கப்புறம் நம்ம தெரு மேப்பை நான் திறக்கவே இல்ல. ஆபீஸ்ல கல்கத்தா வேலை வேணாம்னு சொல்லி ஒடிசா கடற்கரைக்கு மேப் போடுற வேலையை வாங்கிக்கிட்டேன். அங்க வெறும் மணல். கேட் கிடையாது.

ஒரு சனிக்கிழமை உன்னை சால்ட் லேக் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தது ஞாபகம் இருக்கா? பெரிய ஸ்கிரீன்ல மொத்த ஊரையும் சுத்திக் காட்டினேன். மவுசைத் தள்ளினா கரியாஹாட் ஏரியாவே சாயுது, மொட்டை மாடித் தண்ணி டேங்க் ஒவ்வொண்ணும் தனியா நிக்குது, அதோட நிழல் கூட விழுது. அஞ்சு வருஷமா மேப் போடுற வேலை பாக்குறேன், அப்பவும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆகாசத்துல சுத்துற நாலு சாட்டிலைட் சேர்ந்து நம்ம கால் எங்க நிக்குதுன்னு சொல்லுதே, அது சாதாரண விஷயமா? நீயும் குனிஞ்சு பாத்த. அப்புறம் கேட்ட: "இதுல படி எங்க இருக்கு?"

படி மேலேருந்து தெரியாதுன்னேன்.

"அப்ப என் பேஷண்ட்டு எப்படி கீழ இறங்குவாரு, இன்ஜினியர் சார்?"

பக்கத்து சீட்டுல இருந்தவன் சிரிச்சுட்டான். எனக்குக் கோவம். உனக்கு அது கிண்டலே இல்லன்னு அப்பப் புரியல. பிசியோதெரபிக்கு வீடு வீடாப் போறவ நீ. எந்த வீட்டுல லிஃப்ட் மாடிப் பாதியில நிக்கும், எந்தச் சந்துல மழைத் தண்ணி முட்டி வரைக்கும் ஏறும், எல்லாம் உனக்கு அத்துப்படி. யார் வேணாலும் திருத்தலாம்னு ஆன்லைன்ல ஒரு மேப் இருக்குன்னு நான்தான் உனக்குக் காட்டினேன். மறுநாள்லேருந்து நீ நிறுத்தவே இல்ல.

உன் வழக்கம் ஒண்ணு இருந்துச்சு. புதுச் சந்துன்னா முதல்ல போனை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை நடப்ப. "முதல் நடை காலுக்கு, ரெண்டாவது நடை போனுக்கு"ன்னுவ. முக்கு வந்தா ரெண்டு கையையும் அகல விரிச்சு மெதுவாத் திரும்புவ. கை செவுத்துல இடிச்சா அங்க ஸ்ட்ரெச்சர் திரும்பாது. தெருவுல எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. மீன் விக்கிறவர் ஒருநாள், "தீதி, பறக்கப் போறீங்களா?"ன்னு கேட்டாரு. "பறந்தா உங்க ஹில்சா மீனைத்தான் முதல்ல தூக்குவேன்"னு நீ சொல்ல, அவர் கூடையை இழுத்து மூடிக்கிட்டாரு.

அப்படித்தான் நம்ம பில்டிங்குக்கு வண்டி வர வேண்டிய இடம்னு பின் கேட்ல புள்ளி வச்ச. நான் அதைப் பாத்துட்டு முன் கேட்டுக்கு மாத்தினேன். மெயின் கேட்டைத்தான் குறிக்கணும், அதான் விதி. பூஜை நேரத்துல முன் சந்து அடைச்சுக்கும்னு நீ சொன்ன. "அது ஒரு மாசம் இருக்கிற மூங்கில். மேப்புல நிரந்தரமா இருக்கிறதுதான் வரணும்"னு சொன்னேன். நீ விசிட் நோட்டை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்ட. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

அந்தக் காலையில நீ சமையலறையில சரிஞ்சப்ப நான் ஆம்புலன்சுக்கு அந்தப் புள்ளியோட லிங்க்கைத்தான் அனுப்பினேன். மாஷிமாவை உன்கிட்ட உக்கார வச்சுட்டு முன் கேட்டுக்கு ஓடினேன். மூங்கில் குவியலுக்கு நடுவுல, போனைப் பாத்துக்கிட்டே நின்னேன். வண்டி வரல. அப்புறம் டிரைவர் போன் பண்றாரு, "அண்ணா, வந்து நிக்கிறேன், யாரும் இல்லையே?" பின் கேட்ல நிக்கிறாராம். கத்தினேன். லொகேஷன் சரியா அனுப்பியிருக்கேனே, மேப் பாக்கத் தெரியாதான்னு. "மேப் இங்கதான் காட்டுது அண்ணா"ன்னாரு. நம்பல.

வண்டி வர்றதுக்கு முன்னாடியே உன் இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாங்க. அப்படியும் ஒரு வருஷமா அந்த டிரைவரைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

மாஷிமா போனை வச்சதும் மேப்பைத் திறந்தேன். புள்ளி பின் கேட்ல இருக்கு. யார் எப்ப மாத்தினாங்கன்னு பழைய பதிவு எல்லாம் அதுல இருக்குமே, அதைப் பாத்தேன். முதல்ல நீ வச்சது. அடுத்து நான் மாத்தினது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி நீ. கீழ உன் குறிப்பு: "இன்ஜினியர் சாருக்குத் தெரியாம. முன் சந்துல ஸ்ட்ரெச்சர் திரும்பாது."

உனக்கான வண்டியை நீயே சரியான இடத்துக்கு வரவச்சிருக்க. தப்பான கேட்ல நின்னது நான் ஒருத்தன்தான்.

ரொம்ப நேரம் அந்தப் புள்ளியையே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தேன். எவ்வளவு பெரிசாக்கினாலும் அது ஒரு சின்னப் புள்ளிதான். இன்னைக்குக் காலையில அது வழியா ஒரு குழந்தை உலகத்துக்கு வந்திருக்கு.

இதை எழுதுறதுக்கு நடுவுல மாஷிமா திரும்பக் கூப்பிட்டாங்க. இந்த வருஷம் பின் சந்துல பூஜைக்குப் பெரிய அலங்கார வளைவு வைக்கிறாங்களாம், நாளைக்கே குழி தோண்டுறாங்களாம். "மூணாவது மாடிக் காகுவுக்கு வியாழக்கிழமை டயாலிசிஸ். உன் பொண்டாட்டி புள்ளியை யாரு மாத்துவா?"

காகு, அந்தப் பெரியவர், உன் பேஷண்ட். உன் கையைப் பிடிச்சுத்தான் மறுபடி நடக்கக் கத்துக்கிட்டாரு. நாளைக்கு அப்புறம் உன் புள்ளி வண்டியைக் குழிக்குள்ள கூட்டிட்டுப் போகும். அதை நான் விடக் கூடாது.

தண்ணி டேங்குக்குப் பக்கத்துல அந்த மீன்காரரோட கடைப் பின்சுவரை ஒட்டி ஒரு வழி இருக்கு. ஸ்கிரீன்ல பாத்தா அது வெறும் நிழல். அகலம் எவ்வளவு, ரெண்டு படி இருக்கா மூணா, எந்த சாட்டிலைட்டும் சொல்லாது. கையை விரிச்சுத் திரும்பித்தான் பாக்கணும். மீன்காரர் என்ன கேப்பாருன்னு தெரியும். அதுக்கு உன் பதில்தான் என்கிட்ட இருக்கு.

உன் விசிட் நோட்டுல மிச்சமிருந்த பக்கத்துலதான் இதை எழுதுறேன். செருப்பு மாட்டியாச்சு. முதல் நடை காலுக்கு. போனை ஆஃப் பண்ணிட்டேன்.