கோட்டைவாசல் ஏற்றத்தில் நழுவிய கிளட்ச்

நேற்று ஐந்தருவிக்குப் போகிற மேட்டில் பஸ் திணறி நின்றது. என்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றம் வந்தது, கந்தலும் சணலும் சேர்ந்து தீய்வதுபோல. "கிளட்ச் கருகுது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குளிரிலும் முதுகு வேர்த்துவிட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு வந்திருக்கும் இரண்டாவது சாரல் காலம் இது.

அந்த நாற்றத்தை முதலில் அறிந்த அன்றும் சாரல் காலம்தான். ஆரியங்காவில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் நம் செல்லம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அன்னாசிப்பழம் ஏற்ற வந்திருந்த நீங்கள் பழத்தையெல்லாம் சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டு, முதலாளியின் பழைய பிக்கப்பில் எங்களை ஏற்றினீர்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோட்டைவாசல் வரை ஏற்றம். அதைத் தாண்டினால் புளியரை வரை இறக்கம்.

ஏற்றத்தின் பாதியில் என்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. வண்டியோ சோர்ந்துகொண்டே வந்து நின்றுவிட்டது.

"என்ஜினுக்கு ஒண்ணுமில்ல. கிளட்ச்தான் பிடிக்க மாட்டேங்கு" என்றீர்கள். குனிந்து கிளட்ச் மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தீர்கள். "மிதியில ஆட்டமே இல்ல. எப்பவும் பாதி மிதிச்ச மாதிரியே நிக்குது. உள்ள எண்ணெய் இறங்கியிருந்தா இங்கன வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. கிளட்ச் கம்பி இறுகியிருந்தா தளத்திரலாம். கீழ போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

கைபிரேக்கை மட்டும் நம்பாமல், பின்சக்கரங்களுக்கு இரண்டு கல்லை அண்டக் கொடுத்தீர்கள். உங்கள் துண்டால் பிள்ளையை என் மார்போடு சேர்த்துக் கட்டி, என்னை உங்கள் இடத்தில் உட்காரவைத்தீர்கள்.

"ஏட்டி, வலது கால பிரேக்குல வச்சு அழுத்திக்கோ. என்ன ஆனாலும் எடுத்திராத. நான் சொன்னா மட்டும் இடது காலால கிளட்ச மிதி."

"வண்டி உருண்டுட்டா?"

நீங்கள் அதற்குள் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டீர்கள்.

வெளியே தெரிந்தது உங்கள் கால்கள் மட்டும்தான். மழைத்தண்ணீர் அவற்றை நனைத்துக்கொண்டு ஓடியது. பிள்ளையின் உடம்பு என் நெஞ்சில் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. "மிதி" என்றீர்கள், மிதித்தேன். "விடு" என்றீர்கள், விட்டேன். அப்புறம் சத்தமே இல்லை. கூப்பிட்டேன், மறுமொழி வரவில்லை. பிரேக்கை அழுத்தி அழுத்தி என் தொடை மரத்துப்போனது. பிள்ளை போய்விடுமோ, நீங்கள் போய்விடுவீர்களோ, என் காலாலேயே அது நடந்துவிடுமோ என்று பயந்து, பெயர் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

"கம்பிதான். தளத்திட்டேன்" என்று சேறும் கிரீஸுமாக வெளியே வந்தீர்கள். இப்போது மிதியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. வண்டி ஏறிவிட்டது.

பயம் அத்தோடு விடவில்லை. இறக்கத்தில் முதல் வளைவிலேயே கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் விழுந்தது. வண்டி குதித்து ஓடியது. மறுபடி போட்டீர்கள், மறுபடியும் கழன்றது.

"உள்ள பல்லு தேஞ்சிருக்கு. ஏத்தத்துல பிடிச்சுக்கிடும், இறக்கத்துல கக்கிரும். நனைஞ்ச பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது. ஸ்டியரிங்க விட்டு நான் கை எடுக்கவும் முடியாது. கியர்க்கம்பிய நீ பிடிச்சுக்கோ."

இரண்டு கையாலும் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது உயிருள்ளதுபோல முண்டியது. இடதுபக்கம் பள்ளம். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை; உங்கள் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டர் அதைச் சொன்னதும் உங்களைத் தேடி வெளியே ஓடிவந்தேன். நீங்கள் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை.

"கால் நிக்க மாட்டேங்கு, ஏட்டி" என்றீர்கள். பிறகு மெல்ல, "நான் அடியில கிடக்கும்போது ஒரு கல்லு நகந்துட்டு. வண்டி ஒரு விரக்கடை பின்னால வந்துது" என்றீர்கள்.

"கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்தியிருந்தா நீ பதறிப்போய்க் கால எடுத்திருப்ப."

ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. இப்போதெல்லாம் உங்கள் குரல்கூடச் சில நாள் நினைவுக்கு வர மறுக்கிறது. அந்த நடுக்கம் மட்டும் என் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது.