லெய்டனில் நான் விட்டுவைத்த பக்கம்

ஜூன் 8, 2014. ஞாயிறு

மழை. நேற்றும் மழை. துணி எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் சேகரின் ஜீன்ஸ் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவரைவிட ஒழுங்காக.

செய்ய வேண்டியவை:
குளியலறைப் பூஞ்சை.
அம்மாவுக்கு போன்.
தனலட்சுமியைப் பழிவாங்குதல்.

மூன்றாவதற்கு மட்டும்தான் மனம் வருகிறது.

கோபம் ஆறி நானே மறந்துவிடக்கூடாது என்பதற்காக வழக்கை எழுதி வைக்கிறேன். எங்கள் ஊர்க்கதை வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு நகரத்தின் சரித்திரம் சொல்ல வேண்டும். சொல்பவர் அந்த ஊரை மிதித்திருக்கக் கூடாது (ஒருவர் சுவிட்சர்லாந்து போய்வந்து நானூறு படம் காட்டிய பிறகு வந்த சட்டம்). அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றும் கொண்டுவர வேண்டும். வட்டத்தை நடத்தும் நேசம் அக்காவிடம் யார் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கே அந்த ஊர்.

டெல்ஃப்ட் நகரத்தை நான் மூன்று மாதம் படித்தேன். ஏப்ரலில் தனலட்சுமியிடம் (இனி த.) போனில் முழுக்கச் சொன்னேன். சீனப் பீங்கான் வரத்துக் குறைந்ததும் தாங்களே நீலப் பூப் போட்டுச் சுட்டு விற்றது, ஊருக்குள் வைத்திருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, எல்லாம். மே மாதக் கூட்டத்தில் அதே கதை, அதே வரிசை, த.வின் வாயிலிருந்து. என் மாமியார் பீங்கான் தட்டுகளைப் பூட்டி வைத்த வேடிக்கையைக்கூடத் தன் மாமியார் என்று சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்த அம்மாள் காலமாகிவிட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கைதட்டினேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 12. வியாழன்

காற்று. பக்கத்து வீட்டு ரீசைக்கிள் தொட்டி எங்கள் வாசலில்.

நூலகத்தில் இரண்டு மணி நேரம். புது ஊர்: லெய்டன். டெல்ஃப்டுக்குக் கொஞ்சம் வடக்கே. த.வுக்காகப் பொய்கள் சேர்த்துக் கதை செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வெட்கக்கேடு, நான் யோசிக்கக்கூடிய பொய்யையெல்லாம் அந்த ஊர் ஏற்கெனவே உண்மையாகச் செய்து முடித்திருக்கிறது.

குறிப்புகள்: ஸ்பெயின் படை முற்றுகை. ஊரே பட்டினி. சரணடையலாம் என்ற மக்களிடம் நகரத் தலைவர் தன் கையை நீட்டி, வேண்டுமானால் இதை வெட்டித் தின்னுங்கள் என்றாராம். (நம் சங்கத் தலைவர் கை? கொலஸ்ட்ரால்.) கரைகளை உடைத்து வயல்களில் தண்ணீர் விட்டு, அதன் மேல் படகு ஓட்டி வந்து காப்பாற்றினார்கள். படகில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றும் வருடாவருடம் அதே மீன், அதே ரொட்டி. தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக வரிவிலக்கு வேண்டுமா பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கேட்டதற்குப் பல்கலைக்கழகம் கேட்டார்களாம். அப்புறம் நெசவு, அகதிகள், கம்பளித் துணி. பல்கலைக்கழகத் தோட்டத்தில் டியூலிப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்துப் படகு ஒன்று ஊர் நடுவே வெடித்தது. வீடுகள் போன இடத்தில் இப்போது பூங்கா. இங்கேயும் வெடி. இந்த மனிதர்களுக்கு வெடிமருந்து வைக்க ஊருக்கு வெளியே இடமே கிடைக்காதா.

அப்புறம் அந்தப் பக்கம். படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

லெய்டன் பல்கலைக்கழகத்தில் சோழர் செப்பேடுகள். பெரிய தொகுதியில் மட்டும் இருபத்தொரு ஏடு, ஒரு வளையத்தில் கோத்தது, சோழ முத்திரையுடன். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழ மன்னன் எழுதிக் கொடுத்த சாசனம். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை வைத்திருந்த காலத்தில் கடல் தாண்டிப் போனது.

கடாரம். இன்றைய கெடா. என் கெடா. அங்கே சுங்கைப் பட்டாணியில் பிறந்தவள் நான், இத்தனை வயதில், உலகின் தென்கோடியில் லின்ஃபீல்டில் இருந்துகொண்டு, எங்கள் ஊர் ராஜாவின் சங்கதி எங்கே இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொள்கிறேன்.

பொய் தேவையில்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

ஜூன் 17. செவ்வாய்

வெயில், அதிசயமாக. பூஞ்சை துடைக்கவில்லை.

த.வுக்கு போன். நலம் விசாரித்து, அவள் ஆல்பனி வீட்டுப் புதுத் தரைவிரிப்பைப் பத்து நிமிடம் புகழ்ந்து, பிறகு லெய்டன் முழுவதும் சொன்னேன். செப்பேடு தவிர. "ஐயோ, எவ்ளோ படிக்கிறீங்கக்கா" என்றாள். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாக. கூடுதலாக ஒரு யோசனையும் கொடுத்தேன்: மீனைச் சமைக்கக் கூடாது, உப்பில் ஊறிய பச்சை ஹெர்ரிங்தான் அந்த ஊர் முறை. அவள் காரில் புது லெதர் சீட்.

நேசம் அக்காவிடம் இந்த வாரம் பேசுவதாகச் சொல்லி வைத்தேன். பேசமாட்டேன்.

சேகரிடம் திட்டத்தைச் சொன்னேன். லெய்டன் என்று கூகுளில் தமிழில் தட்டினாலே செப்பேடு வந்து நிற்குமே என்றார். அவள் தட்டுகிறவள் இல்லை, போன் அடிக்கிறவள் என்றேன். "ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். இல்லை.

ஜூன் 19. வியாழன்

நேசம் அக்காவின் மின்னஞ்சல். ஜூன் 28, பக்குரங்கா, அவர் வீட்டில். ஊர்: லெய்டன். சொல்பவர்: தனலட்சுமி.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோபப்பட வேண்டியவள் சமையலறையில் பாடினேன்.

பிறகு பயம். படித்துவிட்டால்? ஒரே ஒரு பக்கம் புரட்டிவிட்டால்? இரவுச் சாப்பாட்டில் உப்பு இரண்டு முறை போட்டேன். சேகர் பேசாமல் சாப்பிட்டார், கெட்டிக்காரர்.

ஜூன் 28. சனி

தூறல். நேசம் அக்கா வீட்டில் வாசல் வரை செருப்பு. உள்ளே மீன் வாடை. த.வின் முகம் வாடியிருந்தது, அவள் கணவர் கார் ஜன்னல்களைத் திறந்தபடியே ஆல்பனியிலிருந்து ஓட்டி வந்தாராம். நேசம் அக்கா சைவம், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே வரவேற்றார்.

நன்றாகத்தான் சொன்னாள். முற்றுகை, கை, படகு, ரொட்டி. கொலஸ்ட்ராலும் வந்தது (நான் அதையும் போனில் சொல்லித் தொலைத்திருக்கிறேன்). கடைசியில், கேள்வி உண்டோ என்று நேசம் அக்கா கேட்டார்.

எழுந்தேன். "தனம், அந்த ஊர் யுனிவர்சிட்டில நம்ம சொத்து ஒண்ணு இருக்கே. தமிழ்ல எழுதினது. அத பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

த. தண்ணீர்க் கிளாஸை எடுத்தாள். குடிக்கவில்லை. இரண்டு விநாடி. மூன்று வாரம் நான் வேலை செய்தது அந்த இரண்டு விநாடிக்காக.

பிறகு சிரித்தாள். "அத அக்கா வாயால கேட்டாத்தான் நல்லா இருக்கும்னு விட்டு வச்சேன். கெடாக்காரங்க ஆச்சே. வாங்கக்கா, முன்னுக்கு வாங்க."

கைதட்டல். அவளுக்கு. "என்ன நல்ல மனசு பாருங்கோ இந்தப் பிள்ளைக்கு" என்றார் நேசம் அக்கா.

பொறியை நான் செய்து, எலியைப் பிடித்து, எலி எனக்கு மாலை போட்டுவிட்டது. போய் நின்றேன். இருபத்தொரு ஏடு, வளையம், முத்திரை, கடாரம், விகாரை எல்லாம் சொன்னேன். முடிக்கும்போது எழுதி வைக்காத ஒன்று வாயில் வந்தது:

"எழுதிக் கொடுத்தது ஆனைமங்கலத்த. ஆனா இன்னிக்கு ஊரு ஒலகம் பூரா அதுக்கு லெய்டன் செப்பேடுன்னுதான் பேரு. யாரு தூக்கிட்டுப் போயி வச்சிருக்காங்களோ அவங்க பேருதான் நிக்குது. செஞ்சவங்க பேரு உள்ளுக்குள்ள இருக்கு, யாரும் தெறந்து பாக்கிறதில்ல."

த.வைப் பார்த்தபடியேதான் சொன்னேன். எல்லாரும் டச்சுக்காரர்கள்மேல் கோபப்பட்டுத் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில், சிக்னலில் நின்றபோது சேகர், "போதுமா?" என்றார். போதாது என்றேன்.

ஜூன் 29. ஞாயிறு

மறுபடி மழை. காலை பத்து மணிக்கு போன். த.

கார் வாடை இன்னும் போகவில்லையாம். அதைப் பற்றிக் கொஞ்சம். தரைவிரிப்பு. அவள் மகன் பரீட்சை. நான் உம் கொட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

"அக்கா, நேத்து கடைசில சொன்னீங்களே. அது என்னையா?"

"ஆமா, தனம். ஒன்னத்தான்."

அழுகிறாளோ என்று ஒரு கணம், வைத்துவிட்டாளோ என்று ஒரு கணம். போனைக் காதில் அழுத்திக் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுக்கா" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். நிதானமாக, அவள் எழுதிக்கொள்ள நேரம் விட்டு.