உன் பணத்தைத் தொடாத மாதம்

வீட்டு நிதியமைச்சருக்கு,

பொறுப்பு நிதியமைச்சர் எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "பரவாயில்லை" என்கிறாய். நீ வெளிநாடு போன நாலு வருடமாக அதே பரவாயில்லைதான். இதற்குப் பதில் எழுதும்போதாவது நிஜத்தை எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தை ஒரு பக்கமும் பாப்பா ஒரு பக்கமும் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தவிர, எதைக் கேட்டாலும் நான் "பார்க்கலாம்" என்றுதான் சொல்வேன். உனக்கே தெரியும். இது அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். அதற்கு எவ்வளவு ஆனது என்று கேட்காதே.

போன மாதத் தொடக்கத்தில் நீ சொன்னாய், முதியோர் இல்லத்தில் வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கும் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று. "நான் வந்துட்டா உங்க சம்பளத்துல வீடு ஓடுமா? மழுப்பாம சொல்லுங்க" என்று கேட்டாய். நான் வழக்கம்போல மழுப்பினேன். ஆனால் அன்றைக்கே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு மாதம் நீ அனுப்பும் பணத்தைத் தொடுவதில்லை. அது வங்கியில் அப்படியே கிடக்கட்டும். வாடகை, மின்சாரம், பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் என் சம்பளத்திலேயே. ஓடினால் ஓடுகிறது என்று உனக்கு எழுதிவிடுவது. செலவுக்கான காசைச் சமையலறை ஆணியில் ஒரு பர்ஸில் தொங்கவிட்டேன். கடைக்கு யார் போனாலும் அதிலிருந்து எடுத்து, மிச்சத்தை அதிலேயே போட வேண்டும்.

நீ போன பிறகு கடைகள் எப்படி மாறிவிட்டன என்று உனக்குத் தெரியாது. விலை ஏறியதைக்கூட மன்னித்துவிடலாம், சாமான் இளைத்துப்போகிறது. சோப்பு இரண்டு குளியலில் விபூதி மாதிரி ஆகிவிடுகிறது. பிஸ்கட் பாக்கெட் பார்க்க அதே உயரம்தான், பிரித்தால் பாதி காற்று. எண்ணெய் ஒரு லிட்டர் என்று நினைத்து எடுத்தால் மூலையில் பொடி எழுத்தில் எண்ணூற்றுச் சொச்சம் மில்லி என்று போட்டிருக்கிறான். முட்டை மட்டும்தான் இன்னும் முழுதாக வருகிறது. கோழிக்கு இன்னும் விவரம் பத்தவில்லை.

முனைக்கடையை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். இத்தனை வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவனுக்கு எந்தத் தளத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அலமாரியும் ஒரு கட்டடம்தான். கண்ணுக்கு நேராக இருப்பது வசதியானவர்கள் குடியிருக்கும் தளம், விளம்பரத்தில் வருகிற சாமானெல்லாம் அங்கேதான். முழங்காலுக்குக் கீழே அந்தக் கடையின் சொந்தப் பெயரில் அதே சாமான் முக்கால் விலைக்குக் கிடக்கிறது. குனிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க நான் குனிந்தே நடந்தேன். துணி சோப்புத்தூள், எண்ணெய், பருப்பு, பல்பொடி எல்லாம் கீழ்த்தளத்துச் சரக்கு.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஒரு பெண் கையில் மெஷினோடு வந்து, அன்றைக்குள் விற்க வேண்டிய ரொட்டிக்கும் காய்கறிக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவாள். பாதி விலை. அந்த நேரத்துக்கு அங்கே ஒரு கூட்டம் நிற்கும். யாரும் ரொட்டிக்காக வந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஒருத்தர் ஜாம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிப்பார், ஒரு அம்மா கைப்பையில் எதையோ தேடுவார். ஒட்டி முடித்து அந்தப் பெண் நகர்ந்ததும் பத்துக் கை நீளும். நம் மேல்வீட்டு வாத்தியாரை முதல் நாள் அங்கே பார்த்தபோது இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். இப்போது ஒருவருக்கொருவர் நல்ல ரொட்டியாக எடுத்துக் கொடுத்துக்கொள்கிறோம்.

டீத்தூள் விஷயத்துக்கு வருகிறேன். அதிலும் குனிந்தேன். முதல் நாள் டீயை வாயில் வைக்க முடியவில்லை. முகத்தைச் சுளித்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் குடித்தால் நன்றாக இருந்தது. நாலாம் நாள் பிரமாதம். எல்லாம் பழக்கதோஷம், நாக்கை அடக்கினால் உலகத்தையே அடக்கலாம் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஞானம் பிறந்தால் வீட்டோடு நிற்காது. மாதக் கடைசியில் பட்டறையில் எல்லோருக்கும் உபதேசம் செய்தேன். பெயருக்குக் காசு கொடுக்கிற முட்டாள்களே என்று ஆரம்பித்து, நாங்கள் பொதுவில் போடும் டீத்தூளையும் அந்தக் கீழ்த்தளத்துப் பாக்கெட்டுக்கு மாற்ற வைத்தேன்.

மறுநாள் பட்டறையே என்னைத் திட்டியது. ஃபோர்மேன் டீயை வாசலில் கொட்டிவிட்டு, "உனக்கு நாக்கு செத்துப்போச்சாய்யா? மரத்தூளைக் கொதிக்க வெச்ச மாதிரி இருக்கு" என்றார். உங்களுக்குப் போடத் தெரியவில்லை என்று சொல்லி, அடுத்த நாள் நம் வீட்டுப் பாக்கெட்டையே கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் இன்னொரு டம்ளர் கேட்டார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஃபோர்மேன் மட்டும் இரண்டு பாக்கெட்டிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சாம்பல் மாதிரி, இன்னொன்று கறுப்பாக, மணி மணியாக. "தம்பி, கடைக்காரன் உன்னை ஏமாத்தல. உன் வீட்லதான் யாரோ ஏமாத்தறாங்க" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே தூள்தான், எனக்கென்ன தெரியும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், இரண்டு சிட்டிகையும் இருந்த பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். அதைப் பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், அப்புறம் தூரத்தில் பிடித்தார், அப்புறம் கீழே வைத்துவிட்டார். நாம் முன்பு குடித்த அதே விலை கூடுதலான தூளை வாங்கி வந்து, நான் வாங்கிய பாக்கெட்டில் மாற்றி வைத்திருக்கிறார். எண்ணெயும் அப்படியே. சோப்புத்தூளும் அப்படியே. நான் ஒரு மாதம் குனிந்ததெல்லாம் வீண்.

"நீங்க ஒரு வாய் டீக்கே மூஞ்சியச் சுளிச்சீங்க மாப்பிள்ளை. இப்படி ஒவ்வொண்ணுக்கும் சுளிச்சா, கடைசியில முடியாதுன்னு அவளுக்கு எழுதிடுவீங்க. அவ வரணும்" என்றார்.

காசு ஏது என்று கேட்டேன். நீ தீபாவளி வெடி மாதிரி மூன்று வாரமாகக் கேட்டுக் கேட்டு வெடித்துக்கொண்டிருந்தாயே, அத்தையின் கண்ணாடி, அதற்கு நீ தனியாக அனுப்பிய பணம். கடையில் லென்ஸ் வரவில்லை, வரவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். அந்தக் கடைப் பக்கமே அவர் போகவில்லை.

இதற்குள் கதவோரத்தில் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அவளை ஒன்றுமே கேட்கவில்லை. தன்னையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வகுப்புச் சுற்றுலா ரத்தாகிவிட்டது என்று சொன்னாளே, அது ரத்தாகவில்லை. எல்லோரும் போய்வந்தார்கள். இவள் அன்றைக்குப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டணத்துக்குக் கொடுத்த காசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பர்ஸில் திருப்பிப் போட்டிருக்கிறாள். பர்ஸ் காலியாகவே மாட்டேன் என்கிறதே, என் நிர்வாகம் அப்படி என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெரிய யோக்கியன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். எத்தனை நேரம்தான் அப்படி நிற்க முடியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கூட்டம் என்று சொல்லிப் போனதெல்லாம் கூட்டத்துக்கு இல்லை, மற்றவர்களுக்குப் பதிலாக டூட்டி பார்க்கப் போனேன், அந்தக் காசையும் சம்பளம் என்று சொல்லித்தான் பர்ஸில் வைத்தேன் என்று சொன்னேன். அத்தை முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார்.

கண்ணாடியையும் சுற்றுலாவையும் ஞாயிறு டூட்டியையும் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டோம். துண்டு விழுகிறது. சின்னத் துண்டு என்று சொல்ல மாட்டேன். நீ கேட்டது வீடு ஓடுமா என்று. மாதத்தில் இருபத்திரண்டு நாள் ஓடும். கடைசி எட்டு நாளுக்குப் பர்ஸில் ஒன்றும் இருக்காது. இதுதான் உண்மை நிலவரம்.

இதற்கு முன்னால், மிச்சம் பிடித்துவிட்டோம், கையெழுத்துப் போடாமல் கிளம்பி வா என்று ஒரு கடிதம் எழுதி ஒட்டியே வைத்திருந்தேன். அதைக் கிழித்தேன். அத்தைக்குக் கோபம். "அதையே அனுப்பிருங்க. அவ வந்து இறங்கின பிறகு பார்த்துக்கலாம். பெத்தவ நான் சொல்றேன்" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாப்பாதான், அம்மா வந்த அன்றைக்கே பர்ஸைத் திறந்து பார்ப்பாள், நாம் எல்லோரும் தொலைந்தோம் என்று சமாதானம் சொன்னாள். இன்னொன்று, உன் பணத்தைத் தொட்டுவிட்டேன். அத்தையை நானே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், நான் இளைத்துவிட்டேன் என்று கண்டுபிடித்தார்.

எட்டு நாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு டூட்டி ஒன்றிரண்டு தொடர்ந்து பார்க்கலாம். நீ இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நீ இப்போது வாங்குவதில் கால்வாசிகூடத் தேறாது. மரத்தூள் டீக்கு நிஜமாகவே பழக வேண்டியிருக்கும். அடுத்த வருடம் வாடகை இன்னும் ஏறும். இதில் எதையும் நான் மறைக்கவில்லை.

இப்படி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, யோசித்து நீயே முடிவெடு என்று முடிப்பது என் வழக்கம். போன தடவை தாள் வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். நீயும் யோசித்தாய், கையெழுத்துப் போட்டாய், இரண்டு வருடம் போய்விட்டது. நீ கிளம்பும்போது உன் தோளுக்குக் கீழே இருந்த பெண் இப்போது என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட நாடகத்துக்குப் போகிறாள். எனக்கும் நீ இல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மாதிரியெல்லாம் நான் எழுதுகிறவன் இல்லை, படித்துவிட்டு யாரிடமும் காட்டாதே. கட்டுப்படியாகாது என்று கணக்கு சொல்கிறது. நான் வா என்று சொல்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே.

எந்த நாள், எந்த விமானம் என்று மட்டும் எழுது. மூன்று பேரும் வந்து நிற்போம். விமான நிலையத்துக்குப் பேருந்தில்தான் வருவோம், இரண்டு பேருந்து மாற வேண்டும், அதனால் முன்கூட்டியே வந்துவிடுவோம். திரும்பும்போது டாக்சி. வீட்டு வாசல் வரைக்கும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். நீயும் கேட்கக் கூடாது.

பத்திரமாக வந்து சேர்.

உன் வீட்டுக்காரன்